கதிர் வேகம் ஏற ஏற எண்ணிக்கை விட்டுப்போவது ஏன்? ஃபோட்டோடிரான்சிஸ்டரை வேகப்படுத்தும் வழி

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் வசதியாக இருக்கும். இளம்பிள்ளையில் ஒரு நூல் முறுக்கு யூனிட்டில் கதிர்களின், அதாவது நூலை முறுக்கச் சுழலும் தண்டுகளின், வேகம் பார்க்க நீங்களே ஒரு மீட்டர் கட்டியிருக்கிறீர்கள். கதிரின் அடியில் டேப் ஓடும் உருளையில் 3 மில்லிமீட்டர் அகல வெள்ளி ஸ்டிக்கர். எதிரே டிசிஆர்டி5000 சென்சார்: ஒளி வீசும் எல்இடியும், திரும்பி வரும் ஒளியை வாங்கும் ஃபோட்டோடிரான்சிஸ்டரும் அதில் ஒன்றாக இருக்கும். அந்த ஃபோட்டோடிரான்சிஸ்டரின் கலெக்டரிலிருந்து 5 வோல்ட்டுக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், அங்கிருந்து நேராக, துடிப்பை எண்ணும் அர்டுயினோ புரோகிராம் போர்டு. நிமிடத்துக்கு 3000 சுற்றில் சரியாகக் காட்டுகிறது. 6000 பக்கம் வந்ததும் தடுமாறுகிறது. 9000இல் எண்ணிக்கை பெரும்பாலும் காணோம். "9000 சுற்று என்றாலும் நொடிக்கு 150 தானே, 150 ஹெர்ட்ஸுக்கே ஃபோட்டோடிரான்சிஸ்டர் திணறுமா, இல்லை புரோகிராமில் தப்பா?" என்பது உங்கள் கேள்வி. அடுத்து மோட்டார் தண்டில் 60 துளை டிஸ்க் ஒன்று மாட்டப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

புரோகிராமில் தப்பில்லை. நொடிக்கு 150 என்ற கணக்கும் சரிதான். ஆனால் சென்சார் பார்ப்பது அந்த 150ஐ அல்ல. ஸ்டிக்கர் எதிரே நிற்கும் நேரம் எவ்வளவு என்பதுதான் அதற்கு முக்கியம்.

உருளையின் விட்டம் 25 மில்லிமீட்டர் என்று சொன்னீர்கள். சுற்றளவு சுமார் 78.5 மில்லிமீட்டர். 9000 சுற்றில் ஒரு சுற்றுக்கு 6.67 மில்லி நொடி. அதில் 3 மில்லிமீட்டர் ஸ்டிக்கர் கடந்துபோக ஆகும் நேரம் 255 மைக்ரோ நொடி. மீதி நேரமெல்லாம் இருட்டு. ஆக, உங்கள் சுற்று 255 மைக்ரோ நொடிக்குள் விழித்து, வெளிச்சத்தைப் பார்த்து, வோல்ட்டேஜை இறக்கிக் காட்டியாக வேண்டும். 3000 சுற்றில் இதே வேலைக்கு 765 மைக்ரோ நொடி கிடைக்கிறது, அதனால்தான் அங்கே தப்பித்துவிடுகிறது.

சரி, 255 மைக்ரோ நொடி ஏன் போதவில்லை? டேட்டாஷீட்டுகளில் ஃபோட்டோடிரான்சிஸ்டரின் வேகம் சில மைக்ரோ நொடி என்றுதானே போட்டிருக்கிறது? அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும், அதையும் படிக்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த பிசி817 ஆப்டோகப்ளரை (ஒரே உறைக்குள் எல்இடியும் ஃபோட்டோடிரான்சிஸ்டரும் எதிரெதிரே உள்ள சிப்) எடுத்துக்கொள்ளுங்கள். எழுச்சி நேரம், அதாவது சிக்னல் ஏற ஆகும் நேரம், 4 மைக்ரோ நொடி என்று இருக்கும். ஆனால் அது 100 ஓம் லோடு, 2 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் வைத்து அளந்தது. நீங்கள் வைத்திருப்பது 100 ஓம் அல்ல, 100 கிலோ ஓம். லோடு ஆயிரம் மடங்கு ஏறிய பிறகு அந்த 4 மைக்ரோ நொடியை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

இதன் காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். இது புரிந்தால் மற்ற வைத்தியமெல்லாம் தானாக வரும்.

ஃபோட்டோடிரான்சிஸ்டருக்குள் ஒளியை வாங்குவது கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவில் உள்ள சந்தி. ஒளி விழுந்தால் அங்கே மிகச் சின்ன மின்னோட்டம் பிறக்கிறது. அது பேஸுக்குள் போய், டிரான்சிஸ்டரின் பெருக்கத்தால் பெரிதாகி, கலெக்டர் மின்னோட்டமாக வெளியே வருகிறது. உங்கள் சுற்றில் ஸ்டிக்கர் வரும்போது கலெக்டரில் சுமார் 40 மைக்ரோ ஆம்பியர் ஓடுகிறது என்று நீங்கள் அளந்த 4 வோல்ட் வித்தியாசத்திலிருந்து தெரிகிறது. பெருக்கம் 500 என்று வைத்தால், ஒளி கொடுத்த அசல் மின்னோட்டம் வெறும் 80 நானோ ஆம்பியர்.

அதே கலெக்டர்–பேஸ் சந்திக்கு ஒரு கொள்திறனும் உண்டு. ஒளியை நிறைய வாங்க வேண்டும் என்பதற்காக அந்தச் சந்தியைப் பெரிதாகச் செய்திருப்பார்கள், அதனால் சாதாரண டிரான்சிஸ்டரைவிடக் கொள்திறனும் கூடுதல். 5 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கலெக்டர் 5 வோல்ட்டிலிருந்து 1 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும் என்றால், அந்த 5 பிக்கோஃபாரட்டின் மேலுள்ள வோல்ட்டேஜும் 4 வோல்ட் மாற வேண்டும். அதற்கு 20 பிக்கோ கூலும் மின்னூட்டம் தேவை. யார் கொடுப்பது? பேஸ் எங்கேயும் இணைக்கப்படாமல் தொங்குகிறது. 5 வோல்ட் சப்ளையும் கொடுக்க முடியாது, லோடு ரெசிஸ்டரும் கொடுக்க முடியாது. ஒளி தரும் 80 நானோ ஆம்பியர் மட்டும்தான் கொடுக்க முடியும். 20 பிக்கோவை 80 நானோவால் வகுத்துப் பாருங்கள்: 250 மைக்ரோ நொடி. சொட்டுச் சொட்டாக விழும் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அவசரப்படுவது போலத்தான்.

இன்னொரு வழியில் கணக்குப் போட்டாலும் இதே விடைதான் வரும். பெருக்கத்தை லோடாலும் கொள்திறனாலும் பெருக்கினால் நேர மாறிலி: 500 பெருக்கல் 100 கிலோ ஓம் பெருக்கல் 5 பிக்கோஃபாரட், 250 மைக்ரோ நொடி. உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் மாட்டிய கொள்திறன், பெருக்கத்தால் பல மடங்கு வீங்கித் தெரியும் என்பதை 1920இல் ஜான் மில்லர் வெற்றிடக் குழாய்களை வைத்து விளக்கினார். அதனால்தான் இன்றும் மில்லர் விளைவு என்கிறோம். குழாய் போய் சிலிக்கான் வந்தும் கணக்கு மாறவில்லை.

ஒரு நேர மாறிலிக்குள் கலெக்டர் தன் பயணத்தில் 63 சதவீதம்தான் போகும். 9000 சுற்றில் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நேர மாறிலி. 4 வோல்ட்டில் 63 சதவீதம் 2.5 வோல்ட். அதாவது கலெக்டர் 2.5 வோல்ட் வரைக்கும் இறங்கி, அதற்குள் ஸ்டிக்கர் போய்விட, திரும்ப ஏறிவிடுகிறது. அர்டுயினோவின் சிப் 5 வோல்ட்டில் 'தாழ்வு' என்று உறுதியாக ஏற்றுக்கொள்வது 1.5 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான். 6000 சுற்றில் 1.9 வோல்ட் வரை இறங்கும், அது இரண்டும் கெட்டான் இடம், ஆகவே தடுமாற்றம். 3000இல் 1.2 வோல்ட்டுக்கு வந்துவிடும், அங்கே பிரச்சினை இல்லை. நீங்கள் பார்த்த மூன்று நிலைமைக்கும் இந்த ஒரே கணக்கு பொருந்துகிறது. 500, 5 பிக்கோஃபாரட் என்பதெல்லாம் தோராயம்தான். ஒரே கவரில் வாங்கிய இரண்டு சென்சார்களிலேயே பெருக்கம் இரண்டு மடங்கு வித்தியாசப்படும். ஆனாலும் நடப்பது இதுதான்.

ஆகவே மனதில் வைக்க வேண்டியது ஒன்று. ஃபோட்டோடிரான்சிஸ்டரின் இரு முனைகளுக்கு நடுவில் உள்ள வோல்ட்டேஜை எவ்வளவு குறைவாக ஆட விடுகிறோமோ, அது அவ்வளவு வேகமாக வேலை செய்யும். அதனிடம் மின்னோட்டத்தை மட்டும் கேளுங்கள். வோல்ட்டாக மாற்றும் வேலையை வேறு ஒருவரிடம் கொடுங்கள். இனி சொல்லும் வழிகளில் பெரும்பாலானவை இதற்குத்தான்.

சுற்றில் கை வைக்கும் முன் உருளையைப் பாருங்கள். உருளையில் பாதிச் சுற்றளவைக் கறுப்பாகவும் பாதியை வெள்ளையாகவும் பெயிண்ட் அடிக்க முடிந்தால், 9000 சுற்றிலும் உங்களுக்கு 3.3 மில்லி நொடி வெளிச்சம் கிடைக்கும். இப்போதுள்ள 100 கிலோ ஓமே போதும், ஒரு பைசா செலவில்லை. பாதி முடியாவிட்டாலும் 7 மில்லிமீட்டராவது ஆக்குங்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 9000 சுற்றில் உருளையின் மேற்பரப்பு நொடிக்குச் சுமார் 11.8 மீட்டர் ஓடுகிறது, அதாவது 1 மில்லிமீட்டருக்கு 85 மைக்ரோ நொடி. டிசிஆர்டி5000 வீசும் ஒளி ஊசி முனையாக விழாது, சில மில்லிமீட்டர் அகலத்துக்குப் பரவித்தான் விழும். 3 மில்லிமீட்டர் ஸ்டிக்கர் அதற்குள் நுழைந்து வெளியேறும்போது ஒளியே படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும். ஒளி அப்படி வந்தால் சென்சாரின் மின்னோட்டமும் அப்படித்தான் ஏறி இறங்கும், சுற்றை எவ்வளவு வேகப்படுத்தினாலும் அது மாறாது.

கறுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த சென்சாரின் எல்இடி 950 நானோமீட்டர் அகச்சிவப்பு. நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் மார்க்கர் மை பல சமயம் இந்த ஒளிக்குக் கண்ணாடி மாதிரி, கீழே உள்ள பளபள எஃகு அப்படியே தெரியும். மார்க்கரால் தீட்டிவிட்டு "வித்தியாசமே வரவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களை நிறையப் பார்க்கிறேன். கரி கலந்த மேட் கறுப்பு பெயிண்ட் அடியுங்கள், நன்றாக விழுங்கும். தூரத்தையும் சரிபாருங்கள். இந்த சென்சார் நன்றாகப் பார்ப்பது 2.5 மில்லிமீட்டர் தூரத்தில். 10 மில்லிமீட்டர் தள்ளி வைத்துவிட்டுச் சுற்றைக் குறை சொல்லக் கூடாது.

அப்புறம் வெளிச்சம். ஒளி இரண்டு மடங்கானால் அந்த 80 நானோ ஆம்பியர் 160 ஆகும், அதே வோல்ட் மாற்றத்துக்கு ஆகும் நேரம் பாதியாகும். உங்கள் எல்இடிக்கு 330 ஓம் போட்டிருக்கிறீர்கள், சுமார் 11 மில்லி ஆம்பியர் போகிறது. 180 ஓம் ஆக்கினால் 20க்கு வந்துவிடும். அந்த எல்இடியின் உச்ச வரம்பு 60 மில்லி ஆம்பியர், ஆகவே 20இல் பயமில்லை. ஆனால் 100 கிலோ ஓமை அப்படியே வைத்துக்கொண்டு வெளிச்சத்தை மட்டும் ஏற்றாதீர்கள். கலெக்டர் அடிமட்டத்துக்குப் போய் முட்டி, டிரான்சிஸ்டர் முழுச் செறிவுக்குள் விழும். பேஸில் தேவைக்கு மேல் மின்னூட்டம் தேங்கிவிடும். ஸ்டிக்கர் போன பிறகும் அது வடிய வழியில்லாமல், சென்சார் இன்னும் வெளிச்சம் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். விழிப்பது வேகமாகி, தூங்கப்போவது தாமதமாகும்.

இப்போது முக்கிய வைத்தியம். லோடை 100 கிலோ ஓமிலிருந்து 4.7 கிலோ ஓமுக்கு இறக்குங்கள். நேர மாறிலி 250இலிருந்து 12 மைக்ரோ நொடிக்கு வந்துவிடும். 255 மைக்ரோ நொடித் துடிப்புக்கு இது தாராளம். ஆனால் சிக்னலும் சுருங்கும். எல்இடியை ஏற்றிய பிறகு 80 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்தால் 0.38 வோல்ட்தான் கிடைக்கும். அர்டுயினோ இதைப் பார்க்காது. அதனால் நடுவில் எல்எம்393 கம்பேரேட்டர் ஒன்று வேண்டும், இரண்டு வோல்ட்டேஜில் எது பெரிது என்று ஒப்பிட்டுச் சொல்லும் சிப் அது, எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும்.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. ரெசிஸ்டர் இப்போதுள்ள மாதிரி கலெக்டர் பக்கமே இருந்தால், சிக்னல் 5 வோல்ட்டுக்கும் 4.6 வோல்ட்டுக்கும் நடுவில் ஆடும். 5 வோல்ட் சப்ளையில் எல்எம்393 உள்ளீடு சரியாக வேலை செய்வது 3.5 வோல்ட் வரைதான், ஆனால் தரை வரைக்கும் இறங்கலாம். ஆகவே கலெக்டரை நேராக 5 வோல்ட்டில் கட்டிவிட்டு, 4.7 கிலோ ஓமை எமிட்டருக்கும் தரைக்கும் நடுவில் போடுங்கள். சிக்னல் 0இலிருந்து 0.38 வோல்ட் வரை வரும், கம்பேரேட்டருக்கு அதுதான் தோதான இடம். எமிட்டர் பக்கம் போட்டால் வேகம் கூடுமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது, குறையவும் குறையாது. எந்தப் பக்கம் போட்டாலும் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவில் மாறும் வோல்ட்டேஜ் ஒன்றுதான், அதே மின்னூட்டம்தான் தேவை.

எமிட்டரிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக கம்பேரேட்டரின் கூட்டல் உள்ளீட்டுக்குக் கொடுங்கள். வெளியீட்டிலிருந்து அதே உள்ளீட்டுக்கு 1 மெகா ஓம் ஒன்று திரும்பப் போடுங்கள். இதனால் சுமார் 50 மில்லிவோல்ட் தயக்கம் கிடைக்கும், சிக்னல் எல்லைக்கோட்டில் நடுங்கும்போது ஒரே துடிப்பை நான்காக எண்ணாது. கழித்தல் உள்ளீட்டுக்கு, 5 வோல்ட்டிலிருந்து 100 கிலோ ஓமும் அதன் கீழே 10 கிலோ ஓம் பிரிசெட்டும் (திருப்பி மாற்றும் ரெசிஸ்டர்) போட்டு, நடு முனையை எடுத்தால் 0இலிருந்து 0.45 வோல்ட் வரை திருப்பிக்கொள்ளலாம். 0.15 வோல்ட்டில் வையுங்கள். சரிபாதியான 0.19ஐ விடக் கொஞ்சம் கீழே வைக்கச் சொல்வதற்குக் காரணம் பஞ்சு. முறுக்கு ஷெட்டில் நூல் தூசி இரண்டே வாரத்தில் சென்சார் முகத்தில் படிந்துவிடும், சிக்னல் குறையும். அதற்கு இடம் விட்டு வைக்க வேண்டும். வெளியீட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் மறக்க வேண்டாம், எல்எம்393இன் வெளியீடு திறந்த கலெக்டர், அதனால் கீழே இழுக்க மட்டும்தான் தெரியும். இந்த சிப்பின் தாமதம் ஒரு மைக்ரோ நொடிக்குச் சற்று மேலே, உங்களுக்கு அது பொருட்டே இல்லை.

லோடு குறைந்ததில் இன்னொரு நன்மையும் சேர்ந்து வருகிறது. சேலத்துச் சித்திரை வெயிலில் தகரக் கூரை ஷெட்டுக்குள், மோட்டார் பக்கத்தில் மாட்டிய சென்சார் என்ன சூட்டில் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருட்டில் கசியும் மின்னோட்டம் ஏறக்குறைய 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இந்த சென்சாருக்கு 25 டிகிரியில் அதிகபட்சம் 200 நானோ ஆம்பியர் வரை கசியலாம் என்று டேட்டாஷீட் சொல்கிறது. 55 டிகிரியில் அது 1.6 மைக்ரோ ஆம்பியர். 1 மெகா ஓம் லோடு போட்டவருக்கு அது 1.6 வோல்ட் பொய்ச் சிக்னல். 4.7 கிலோ ஓமில் வெறும் 7.5 மில்லிவோல்ட்.

இதோடு உங்கள் கதிர் மீட்டர் வேலை முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. 60 துளை டிஸ்க்குக்கும் இதுவே போதும்: 1440 சுற்று மோட்டாரில் நொடிக்கு 1440 துடிப்பு, ஒரு துளைக்கு 347 மைக்ரோ நொடி. 12 மைக்ரோ நொடி நேர மாறிலிக்கு அது பெரிய வேலை இல்லை. இன்னும் வேகம் வேண்டுபவர்களுக்காக மேலே கொஞ்சம் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த சர்க்யூட்டும் அதில்தான் வருகிறது.

ஃபோட்டோடிரான்சிஸ்டரின் எமிட்டரைத் தரையில் கட்டுங்கள். அதன் கலெக்டரை ஒரு பிசி547 டிரான்சிஸ்டரின் எமிட்டரில் கட்டுங்கள். பிசி547இன் பேஸுக்கு 22 கிலோ ஓம், 10 கிலோ ஓம் பிரித்துச் சுமார் 1.56 வோல்ட் கொடுத்து, அந்த இடத்தில் தரைக்கு 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று. பிசி547இன் கலெக்டரிலிருந்து 5 வோல்ட்டுக்கு 27 கிலோ ஓம். ஃபோட்டோடிரான்சிஸ்டருக்குப் பக்கவாட்டில் 47 கிலோ ஓம் ஒன்று, அது வழியாக எப்போதும் 21 மைக்ரோ ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த 47 கிலோ ஓமை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இருட்டில் பிசி547 முழுசாக அணைந்துபோனால் மறுபடி விழிக்க நேரமாகும், அது விழித்தே இருப்பதற்குத்தான் இது.

இங்கே நடப்பதைப் பாருங்கள். பிசி547இன் பேஸ் நிலையாக இருப்பதால் அதன் எமிட்டரும், அதாவது ஃபோட்டோடிரான்சிஸ்டரின் கலெக்டரும், 1 வோல்ட் பக்கம் நிலையாக நிற்கிறது. ஸ்டிக்கர் வந்து மின்னோட்டம் 21இலிருந்து 101 மைக்ரோ ஆம்பியருக்குத் தாவும்போதும் அந்த இடம் 40 மில்லிவோல்ட்தான் அசையும். முன்பு 4 வோல்ட் ஆடிய இடம், நூற்றில் ஒரு பங்கு. தேவைப்படும் மின்னூட்டம் 20 பிக்கோ கூலும் போய் 0.2 ஆகிவிட்டது. 160 நானோ ஆம்பியர் அதை 1.25 மைக்ரோ நொடியில் கொடுத்துவிடும். ஆனால் மறுமுனையில் 27 கிலோ ஓமில் உங்களுக்கு 4.4 வோல்ட்டிலிருந்து 2.3 வோல்ட் வரை முழு 2 வோல்ட் சிக்னல் கிடைக்கிறது. கம்பேரேட்டரின் ஒப்பீட்டு வோல்ட்டேஜை 3.3இல் வைத்தால் முடிந்தது. மின்னோட்டம் வாங்குவது ஒருவர், வோல்ட்டாக ஆடுவது இன்னொருவர். ஒரு சாதாரண டிரான்சிஸ்டரும் நாலைந்து ரெசிஸ்டரும் சேர்ந்து இவ்வளவு செய்வதை ஆசிலோஸ்கோப்பில் பார்க்கும்போது மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும்.

இதிலும் சில மைக்ரோ நொடிக்குக் கீழே போகாது. பேஸ்–எமிட்டர் சந்திக்கும் கொள்திறன் உண்டு, அதையும் அதே சின்ன மின்னோட்டம்தான் நிரப்ப வேண்டும். கூடுதல் வெளிச்சம் கொடுத்தால் மட்டுமே அது குறையும். ஆப்-ஆம்ப் வைத்தும் இதே வேலையைச் செய்யலாம். கலெக்டரைக் கழித்தல் உள்ளீட்டில் கட்டி, கூட்டல் உள்ளீட்டுக்கு 1.5 வோல்ட் கொடுத்து, எம்சிபி6002 மாதிரி ஒன்றில் 33 கிலோ ஓமும் 22 பிக்கோஃபாரட்டும் பின்னூட்டமாகப் போட்டால் சரி. ஆனால் பிசி547 விலையைப் பார்த்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

பேஸ் கால் வெளியே உள்ள சென்சார்களுக்கு ஒரு தனி வைத்தியம் சொல்வார்கள்: பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டர் போட்டால் தேங்கிய மின்னூட்டம் அதன் வழியே வடியும், அணைவது வேகமாகும். 4என்35 போன்ற ஆறு கால் ஆப்டோகப்ளர்களில் இது நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் அங்கே எல்இடி ஒட்டி இருப்பதால் ஒளி மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் கணக்கில் வரும். 220 கிலோ ஓம் அதில் 3 மைக்ரோ ஆம்பியரைத் தின்றாலும் மீதி இருக்கும். உங்கள் மாதிரி 80, 160 நானோ ஆம்பியர் வரும் இடத்தில் 1 மெகா ஓம் போட்டாலே டிரான்சிஸ்டர் விழிக்காது. பேஸில் 0.6 வோல்ட் ஏற அந்த 1 மெகா ஓமுக்கே 600 நானோ ஆம்பியர் வேண்டும். அதுவுமில்லாமல் டிசிஆர்டி5000க்கு பேஸ் கால் கிடையாது. இரண்டு டிரான்சிஸ்டரை அடுத்தடுத்துக் கோத்த டார்லிங்டன் வகை ஃபோட்டோடிரான்சிஸ்டர் பக்கம் போகவே வேண்டாம். பெருக்கம் பல ஆயிரம், அதற்கேற்ற மந்தம்.

சில மைக்ரோ நொடியும் தாமதம் என்றால் ஃபோட்டோடையோடுக்குப் போக வேண்டியதுதான். பிபிடபிள்யூ34 போன்றவை 100 நானோ நொடி கணக்கில் வேலை செய்யும், ஆனால் பெருக்கம் எதுவும் உள்ளே இல்லை, நல்ல ஆப்-ஆம்ப் கட்டாயம். கதிர் எண்ணுவதற்கு அது தேவையே இல்லை.

வேகம் எப்போதும் தேவை என்றும் நினைக்க வேண்டாம். ஏற்காட்டு எஸ்டேட்டில் காபிக் கொட்டை எண்ண ஒருவர் இதே சென்சாரைக் கேட்டிருந்தால், 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் கொட்டை நொடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் கடக்கும், 7 மில்லிமீட்டர் கொட்டைக்கு 3 மில்லி நொடி ஆகும் என்று கணக்குப் போட்டு, பழைய சுற்றே போதும் என்று சொல்லியிருப்பேன். துடிப்பின் அகலத்தை முதலில் கணக்குப் பாருங்கள். நேர மாறிலி அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

மெஷினில் மாட்டும் முன் மேஜையிலேயே சோதித்துக்கொள்ளலாம், ஆசிலோஸ்கோப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சென்சார் எதிரே 2.5 மில்லிமீட்டரில் ஒரு வெள்ளைத் தாளை அசையாமல் வையுங்கள். எல்இடியை அர்டுயினோவின் ஒரு காலில் இருந்து, தனி ரெசிஸ்டர் போட்டு ஓட்டுங்கள்: 250 மைக்ரோ நொடி எரியட்டும், 6400 மைக்ரோ நொடி அணையட்டும், இப்படி 1000 முறை. கம்பேரேட்டர் வெளியீட்டை இன்டரப்ட் காலில் கொடுத்து எத்தனை வந்தது என்று எண்ணுங்கள். 1000 அனுப்பி 1000 வந்தால், எரியும் நேரத்தை 200, 150, 100, 50 என்று இறக்கிக்கொண்டே போங்கள். எங்கே எண்ணிக்கை உடைகிறதோ அதுதான் உங்கள் சுற்றின் உண்மையான எல்லை. வெள்ளைத் தாள் முழுசாகத் திருப்பி அனுப்பும் ஒளி ஸ்டிக்கரைவிட அதிகம், ஆகவே தாளைக் கொஞ்சம் தள்ளி வைத்து, எமிட்டரில் 0.38 வோல்ட் வருகிற தூரத்தில் நிறுத்திச் சோதித்தால் சரியாக இருக்கும். பழைய 100 கிலோ ஓம் சுற்றையும் இதே மாதிரி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் கண்ணால் தெரியும்.

மேஜையில் 50 மைக்ரோ நொடிக்கும் சரியாக எண்ணி, மெஷினில் மட்டும் விட்டுப்போகிறது என்றால் மூன்று இடத்தைப் பாருங்கள். ஒன்று, போர்டில் எங்காவது "நாய்ஸுக்காக" என்று யாராவது சிக்னலுக்கும் தரைக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் போட்டிருக்கிறார்களா? சில ரெடிமேட் மாடியூல்களிலேயே இருக்கும். 100 கிலோ ஓமோடு அது 10 மில்லி நொடி, உங்கள் துடிப்பை அப்படியே விழுங்கிவிடும். இரண்டு, கூரையின் கண்ணாடி ஓடு வழியாக வெயில் சென்சாரில் விழுகிறதா? இந்த சென்சாரில் உள்ள வடிகட்டி டியூப் லைட்டின் வெளிச்சத்தைத் தடுக்கும், வெயிலில் உள்ள அகச்சிவப்பைத் தடுக்காது. காலையில் சரியாக ஓடி மதியம் மட்டும் மக்கர் பண்ணினால் அதுதான் காரணம், ஒரு கறுப்புக் குழாயை மூடிபோல் மாட்டிவிடுங்கள். மூன்று, வயர். சென்சாரிலிருந்து போர்டுக்கு 3 மீட்டர் என்றால் வயரே 300 பிக்கோஃபாரட் பக்கம் கொண்டுவரும், மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டரின் இரைச்சலும் அதில் ஏறும். கம்பேரேட்டரை சென்சார் பக்கத்திலேயே சின்ன போர்டாக வைத்து, அதன் வெளியீட்டை மட்டும் ஷீல்டு வயரில் கொண்டுவாருங்கள். புல்-அப் ரெசிஸ்டர் அர்டுயினோ முனையில் இருக்கட்டும், ஷீல்டையும் அந்த ஒரு முனையில் மட்டும் தரையில் கட்டுங்கள்.